பழைய காடிக்குப் பட்டை மாட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பழைய காடிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. கிராணியாக இருந்த தாத்தா விட்டுச்சென்ற மோரிஸ் மைனர், கொட்டகையில் தார்பாய் போர்த்தி நிற்கும் டட்சன் 120ஒய், 1985இல் வந்த முதல் தலைமுறை புரோட்டோன் சாகா என்று வீட்டுக்கு வீடு ஒரு கதை. எஞ்சினுக்குப் போமென் (மெக்கானிக்) கிடைக்கிறார். நாக்கிங் (நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்துவது), ஸ்ப்ரே கடைகளும் உண்டு. வெளிப்பட்டை, அதாவது காடியின் உடம்பில் ஓடும் பளபளப்பான அலங்காரப் பட்டை, மாட்டும் வேலை என்று வந்தால் மட்டும் "அது சின்ன வேலை, அமுக்கி விட்டால் போதும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு மழைக்காலம் போனதும் பட்டைக்குப் பின்னாலிருந்து துரு வழிகிறது.

ஒரே சந்தேகங்களைப் பலரும் என்னிடம் கேட்பதால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அண்ணே, பட்டை பட்டைன்னு சொல்றீங்களே, கதவுல ஓடுற அந்த நீளக் கோடு மட்டுந்தானா?

அது மட்டுமில்லை. மட்கார்டிலிருந்து பின்பக்கம் வரை ஓடுவது, கதவுக்குக் கீழே படியோரம் உள்ளது, கூரை ஓரத்து மழைநீர் வாய்க்காலைக் கவ்வியிருப்பது, கண்ணாடி ரப்பரில் செருகியிருப்பது, சக்கர வளைவில் இருப்பது, பானெட் நடுவே ஓடுவது எல்லாமே இதில் சேர்த்தி. பெயரெழுத்துகளையும் சின்னங்களையும் மாட்டும் முறையும் ஏறக்குறைய இதேதான்.

மாட்டும் வழிகளைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். தகட்டில் ஓட்டை போட்டு அதில் ஸ்பிரிங் கிளிப் அமுக்குவது ஒன்று. பட்டைக்குள் தலை நகரும்படி ஒரு போல்ட்டைச் செருகி, தகட்டுக்கு உள்பக்கம் நட் போடுவது இன்னொன்று. சில காடிகளில் தகட்டின் மேலேயே சிறு முளை வெல்டிங் செய்திருப்பார்கள், அதன்மேல் பிளாஸ்டிக் கிளிப் உட்காரும். கடைசி வழி, இரண்டு பக்கமும் ஒட்டும் நுரை டேப். ஒரே பட்டையில் இரண்டு வழிகள் கலந்தும் வரும். நடுவில் கிளிப்பும் இரண்டு முனையிலும் போல்ட்டும் இருப்பது சாதாரணம். இதைத் தெரியாமல் இழுத்துத்தான் பலர் முனையைக் கிழிக்கிறார்கள்.

அதெல்லாம் அழகுக்குத்தானே? கழட்டிட்டு ஓட்டைய அடைச்சிட்டா என்ன?

உங்கள் காடி, உங்கள் விருப்பம். பட்டை பக்கத்துக் காடியின் கதவு இடிப்பதையும் தாங்கிக்கொள்ளும், சில மாடல்களில் தகடுகள் சேரும் இடத்தையும் மறைக்கும். அது போனபின் அந்தக் கதவு பார்வைக்கு உயரமாகவும் வெறுமையாகவும் தெரியும். வரைந்தவர்கள் பட்டையோடு சேர்த்துத்தான் வரைந்திருக்கிறார்கள்.

எடுத்தே ஆகவேண்டும் என்றால் ஓட்டையை வெல்டிங் செய்து மூடச் சொல்லுங்கள். வெறும் பட்டி அப்பினால் பின்பக்கத்திலிருந்து ஈரம் ஏறி, பெயின்ட் வட்டம் வட்டமாக உப்பும். கழற்றிய பட்டையைத் தூக்கிப் போடாமல், ஒரு பலகையில் நீளமாகக் கட்டி உத்திரத்தில் ஏற்றி வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் மெல்ல வளைந்துவிடும்.

என் காடியில இருக்கிறது ஸ்டெயின்லெஸ்ஸா, அலுமினியமா, க்ரோமா? காந்தம் வச்சுப் பாத்தா தெரியுமா?

காந்தத்தை மட்டும் நம்பக்கூடாது. காடிப் பட்டைக்குப் பயன்பட்ட ஸ்டெயின்லெஸ் வகைகளில் காந்தம் ஒட்டுவதும் உண்டு, ஒட்டாததும் உண்டு. பின்பக்கத்தைப் பாருங்கள். அலுமினியம் எடை குறைவு, நகத்தால் அழுத்தினாலே மெல்லிய இடம் நெளியும், பழசானால் வெள்ளைப் பொடி பூக்கும். ஸ்டெயின்லெஸ் விறைப்பாக இருக்கும், பின்பக்கத்து அழுக்கைத் துடைத்தால் அங்கும் அதே உலோகம்தான். இரும்பின் மேல் க்ரோம் பூசியது என்றால் எங்காவது பழுப்புத் துரு கொப்புளம் தெரியும். கனமாகவும், மேலெல்லாம் அம்மைத் தழும்பு போல் குழிகளோடும் இருந்தால் அது துத்தநாகக் கலவையில் வார்த்தது. பெயரெழுத்துகள் பெரும்பாலும் இந்த வகை. இதை வளைக்கப் பார்த்தால் சட்டென்று உடையும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் தேய்க்கத் தொடங்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

பழைய பட்டைய வளையாம கழட்ட முடியுமா அங்கிள்? ஸ்குரூடிரைவர் போட்டா நெளியுது.

ஸ்குரூடிரைவரை முதலில் தள்ளி வையுங்கள். கதவின் உள்பலகையைக் கழற்றி, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நட் இருந்தால் அங்கிருந்து கழலும். துருப்பிடித்த நட்டுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். அவசரப்பட்டுத் திருகினால் போல்ட் பட்டைக்குள்ளேயே சுற்றி, பட்டையின் ஓரத்தை விரித்துவிடும்.

கிளிப் வகை என்றால், பட்டைக்கு மேலும் கீழும் பெயின்ட்டின் மேல் மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். அகலமான பிளாஸ்டிக் நெம்புகோல் வேண்டும். கிடைக்காவிட்டால் பட்டி போடும் அகலத் தகட்டில் துணி சுற்றிக்கொள்ளலாம். கிளிப் எங்கே இருக்கிறதோ அதற்கு நேராக நுழைத்து நெம்புங்கள். இரண்டு கிளிப்புக்கு நடுவே நெம்பினால்தான் நெளியும். ஒரு முனையை முழுக்கத் தூக்கிவிட்டு மற்றதை இழுப்பதும் தவறு. எல்லாக் கிளிப்பையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டே போகவேண்டும்.

டேப்பில் ஒட்டியது என்றால் ஹேர் டிரையரால் சூடேற்றி, தங்கூசை (மீன்பிடி நைலான் நரம்பை) பின்னால் நுழைத்து ரம்பம் போல் முன்னும் பின்னும் இழுத்தால் நுரை அறுந்து வரும். கழற்றியதும் ஒவ்வொன்றின் பின்னாலும் இடது, வலது, முன், பின் என்று டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

நசுங்கிப் போனத நேராக்க முடியுமா? தவுக்கே (கடை முதலாளி) புதுசு வாங்குங்கிறாரு.

ஸ்டெயின்லெஸ் என்றால் பெரும்பாலும் முடியும். புதுசு வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள் என்றுதான் நான் எப்போதும் சொல்வேன். பழைய அசல் பட்டையின் உலோகம் இன்றைக்கு வரும் போலிகளைவிடப் பெரும்பாலும் கனமானது, வளைவும் அந்தக் காடிக்கென்று சரியாக அமைக்கப்பட்டது.

மணல் மூட்டையையோ மென்மரக் கட்டையையோ அடியில் வைத்து, பட்டையைக் கவிழ்த்துப் போடுங்கள். நசுங்கிய இடத்தின் ஓரத்திலிருந்து தொடங்கி, சிறிய முனையுள்ள சுத்தியலால் அல்லது முனை உருண்ட கம்பியை வைத்து மெல்ல மெல்லத் தட்டுங்கள். பலமாக ஓர் அடி அடித்தால் உலோகம் நீண்டுபோய் எதிர்ப்பக்கம் மேடு கட்டும், பிறகு அதை அடக்குவது பெரும்பாடு. தட்டித் திருப்பிப் பார்த்து, மெல்லிய அரத்தை மேலே லேசாக ஓட்டுங்கள். அரம் படாத இடம் பள்ளம், பட்டுப் பளிச்சிடும் இடம் மேடு. மேட்டை அராவித் தள்ளாமல் பள்ளத்தை இன்னும் தட்டித் தூக்குங்கள். சமமானதும் 320, 400, 600, 800 என்று ஈர உப்புத்தாளில் தேய்த்து, ஒவ்வொரு முறையும் முந்தைய கீறலுக்குக் குறுக்கே போனால் எந்தக் கீறல் மிச்சமிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். கடைசியில் துணிச் சக்கரத்தில் பளபளப்பு ஏற்றலாம்.

சக்கர வேலையில் கவனம் வேண்டும். பட்டையின் ஓரம் சக்கரத்தில் மாட்டினால் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விடும், நீளப் பட்டை கத்தியாகவே மாறும். சக்கரத்தின் கீழ்ப்பாதியில் மட்டும் தொடுங்கள், ஓரம் சக்கரம் சுழலும் திசையோடு போகவேண்டும், அதற்கு எதிராக நிற்கக்கூடாது. பட்டையை ஒரு மரச் சட்டத்தின் மேல் பொருத்திப் பிடித்தால் வளையவும் வளையாது. கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

அலுமினியமும் தட்டினால் எழும், ஆனால் சீக்கிரம் கிழியும். வார்ப்பு வகையைத் தட்டவே கூடாது.

ஆட்டோசோல் போட்டு எவ்ளோ தேய்ச்சும் என் வோக்ஸ்வேகன் பட்டை மங்கலாவே இருக்கே?

வோக்ஸ்வேகன் பீட்டில் காடியின் பக்கப் பட்டை அலுமினியம். அதன்மேல் மின்முறையில் உண்டாக்கிய கண்ணாடி போன்ற கெட்டிப் படலம் ஒன்று இருக்கிறது. அந்தப் படலம்தான் இப்போது மங்கியிருக்கிறது. ஆட்டோசோல் என்ற மெருகுப் பசை அதன் மேலே வழுக்கிக்கொண்டு போகும், அடியில் உள்ள உலோகத்தைத் தொடாது.

படலத்தை எடுக்கக் காஸ்டிக் சோடாக் கரைசலைப் பயன்படுத்துவார்கள். அது அலுமினியத்தையும் தின்னும், கையையும் கண்ணையும் பொசுக்கும். வீட்டில் செய்யவேண்டாம், முலாம் வேலை செய்கிற இடத்தில் கொடுங்கள். படலம் போனபின் தேய்த்தால் கண்கூசும்படி மின்னும். ஆனால் பாதுகாப்பு போய்விட்டது என்பதால் மறுபடி அந்தப் படலத்தை ஏற்றவேண்டும், அல்லது வருடம் முழுவதும் மெழுகு போட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

கிளிப் எங்க கிடைக்கும்? பழசு எல்லாம் துருப்பிடிச்சு உடைஞ்சு போச்சு.

ஈப்போவில் பழைய ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் கடைகளில் பெட்டி பெட்டியாகக் கிடக்கும். "மோரிஸ் கிளிப் இருக்கா" என்று கேட்டால் இல்லை என்பார்கள். உடையாத கிளிப் ஒன்றையும் பட்டைத் துண்டையும் கையில் கொண்டுபோய்க் காட்டினால் எடுத்துக் கொடுப்பார்கள். உங்களுக்கு வேண்டியது மூன்று அளவுகள்: பட்டையின் உள்வாய் அகலம், தகட்டு ஓட்டையின் விட்டம், பட்டை தகட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கவேண்டும் என்பது. இந்த மூன்றும் பொருந்தினால் வேறு மாடலின் கிளிப்பும் உட்காரும்.

பீட்டில்காரர்களுக்கு ஒரு குறிப்பு. 1967 மாடலிலிருந்து பக்கப் பட்டை ஒடுங்கியது. அதற்கு முந்தைய அகலப் பட்டைக்கு உரிய கிளிப் இதற்கு ஆகாது. வாங்கும்போது ஆண்டைச் சொல்லிக் கேளுங்கள்.

நான்கைந்து கூடுதலாகவே வாங்கிக்கொள்ளுங்கள். மாட்டும்போது ஒன்றிரண்டு பறந்து புல்லுக்குள் போய்விடும்.

முதல்ல பெயின்டா, முதல்ல பட்டையா?

இரண்டுமே. பெயின்ட்டுக்கு முன் ஒரு முறை எல்லாப் பட்டைகளையும் தளர்வாக மாட்டிப் பாருங்கள். ஓட்டை தவறியிருந்தாலும், நாக்கிங் செய்த இடம் மேடாக இருந்தாலும் அப்போதே தெரியும். கழற்றிவிட்டுப் பெயின்ட் அடித்து, காய்ந்தபின் நிரந்தரமாக மாட்டுங்கள்.

எவ்வளவு காயவேண்டும் என்பது பெயின்ட்டைப் பொறுத்தது. கெட்டிப்பான் கலந்த டூ-கே பெயின்ட் தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரே நாளில் வந்துவிடும், உள்ளே இறுக இன்னும் நாளாகும். கிளிப் வகைக்கு ஒரு வாரமாவது விடுங்கள். டேப் ஒட்டுவதானால் அதைவிடக் கூடுதலாகப் பொறுப்பது நல்லது. அவசரப்பட்டால் டேப் பெயின்ட்டையே உரித்துக்கொண்டு வரும்.

ஓட்டையச் சுத்தித் துரு வந்துகிட்டே இருக்கு. கிளிப் மாத்தினா நிக்குமா?

நிற்காது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

தகட்டில் ஓட்டை போட்டவுடன் அதன் ஓரம் அம்மண இரும்பு. பெயின்ட் அங்கே மெல்லியதாகத்தான் பிடிக்கும். ஸ்பிரிங் கிளிப் உள்ளே போகும்போது அதையும் சுரண்டிவிடும். பிறகு மழை. மலையைத் தாண்டினால் வரும் தைப்பிங், தீபகற்பத்திலேயே மழை அதிகம் பெய்யும் ஊர், ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர். நம் பக்கம் அவ்வளவு இல்லாவிட்டாலும் சாயங்கால மழைக்குப் பஞ்சமில்லை. தோட்டத்துச் செம்மண் பட்டைக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து அந்த ஈரத்தை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே காடி காய்ந்திருக்கும், பட்டைக்குப் பின்னால் ஈரம் நாள்கணக்கில் இருக்கும். இதோடு ஸ்டெயின்லெஸ்ஸும் இரும்பும் நேராகத் தொட்டு நடுவில் தண்ணீரும் இருந்தால், இரண்டு வேறு உலோகங்கள் என்பதாலேயே இரும்பு சீக்கிரமாக அரிக்கும். பட்டை அலுமினியமாக இருந்தால் அரிபடுவது பட்டை.

ஆகவே கிளிப்புக்கு முன் ஓட்டைக்கு வேலை. துருவைப் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கள். ஓட்டை பெரிதாகிக் கிளிப் ஆடும் நிலை என்றால் வெல்டிங் செய்து மூடி, புதிதாகத் துளைக்கவேண்டும். சுத்தமான ஓட்டைக்கு எபோக்சி பிரைமரைச் சிறு தூரிகையால் ஓரத்திலும், கை எட்டினால் உள்பக்கத்திலும் தடவுங்கள். காய்ந்தபின் மேல் பெயின்ட். மாட்டும் நாளில் ஒவ்வொரு கிளிப்பின் கழுத்திலும் காய்ந்து கெட்டிப்படாத புட்டைல் சீலரைச் சிறு வளையமாக வைத்து அமுக்குங்கள். பிதுங்கி வருவதைத் துடைத்துவிடலாம். ரப்பர் வாஷரோடு வந்த கிளிப்பாக இருந்தால் அந்த வாஷரை விட்டுவிடாதீர்கள். போல்ட் வகைக்கு உள்பக்கத்து நட்டுக்கடியிலும் சீலர் வேண்டும். எல்லாம் முடிந்ததும் கதவுக்கு உள்ளே ஓட்டைகள் இருக்கும் வரிசையில் துருத் தடுப்பு மெழுகை ஸ்ப்ரே செய்யுங்கள்.

கதவின் அடியில் தண்ணீர் வடியும் சிறு துளைகள் உண்டு. அவை அடைந்திருந்தால் மேலே செய்தது எதற்கும் பயனில்லை. ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள்.

மட்கார்ட், முன் கதவு, பின் கதவுன்னு மூணு துண்டு. ஒரே கோடா வரமாட்டேங்குது.

முதலில் கதவுகளைப் பாருங்கள். பழைய காடியில் கீல் தேய்ந்து கதவு தொங்கியிருக்கும். அதைச் சரிசெய்யாமல் பட்டையை நேராக்கினால், பின்னொரு நாள் கீலை மாற்றும்போது பட்டை மேலே ஏறிவிடும். தகடுகளின் இடைவெளி சமமாக இருக்கிறதா, தகட்டில் உள்ள மடிப்புக் கோடு ஒரு கதவிலிருந்து மறு கதவுக்கு நேராக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பட்டையைக் கையில் எடுக்கவேண்டும்.

அளப்பதற்கு அந்த மடிப்புக் கோட்டையே ஆதாரமாக வையுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள். நம் வாசல்கள் சமமில்லை, டயர் காற்றும் சமமில்லை. முன்னிருந்து பின்வரை ஒரு நூலை இழுத்துக் கட்டி, அதையொட்டி மாஸ்கிங் டேப்பால் பட்டையின் மேல் விளிம்பு வரும் இடத்தைக் குறியுங்கள். பிறகு ஹெட்லைட் பக்கம் குந்தி ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் எந்தத் துண்டு ஏறியிருக்கிறது என்று உடனே தெரியும். பக்கவாட்டில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாதது முன்னிருந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

நான் முன் கதவிலிருந்துதான் தொடங்குவேன். அது இரண்டு பக்கமும் தொடர்பு உள்ளது, நடுவில் நிற்பது. அதைச் சரியாக உட்காரவைத்துவிட்டு முன்னே மட்கார்டுக்கும் பின்னே பின் கதவுக்கும் போனால் பிழை குவியாது. ஓட்டைகள் கொஞ்சம் முன்பின் இருந்தால் போல்ட் வகையில் சமாளிக்க இடமுண்டு. எல்லா நட்டையும் விரலால் மட்டும் முடுக்கி, கோட்டைச் சரிபார்த்து, அப்புறம் ஸ்பானர். அதிகம் முடுக்கினால் தகடு உள்ளே இழுபட்டுப் பள்ளம் விழும்.

அமுக்கும்போது பட்டை நடுவுல மடங்கிடுமோன்னு பயமா இருக்கு. எப்படி அமுக்கறது?

கிளிப் முதலில் தகட்டில் உட்காரும் வகையில், பட்டையின் மேல் உதட்டை எல்லாக் கிளிப்புகளின் மேலும் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளுங்கள். பிறகு கீழ் உதட்டை உள்ளங்கையால் ஒரு முனையிலிருந்து அமுக்கிக்கொண்டே போங்கள். கிளிப்புக்கு நேராக மட்டும் அமுக்கவேண்டும். கிளிப் பட்டையோடு வரும் வகையில் எல்லாக் கால்களும் ஓட்டைக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஒவ்வொன்றாக. ரப்பர் சுத்தியல் வேண்டாம். கையால் போகவில்லை என்றால் கால் ஓட்டையில் இல்லை என்று அர்த்தம்.

நீளப் பட்டைக்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் மறுமுனையைத் தாங்கிப் பிடித்தால் போதும்.

பழைய கதவு துருவுல போச்சு, வேற கதவு போட்டேன். அதுல ஓட்டையே இல்லீங்க ஐயா.

மறுபக்கத்துக் கதவில் ஓட்டைகள் இருந்தால் அதன்மேல் கெட்டித் தாளை ஒட்டி, மடிப்புக் கோட்டையும் கதவின் ஓரத்தையும் ஓட்டைகளையும் பென்சிலால் எடுத்துக்கொள்ளுங்கள். தாளைத் திருப்பிப் போட்டால் இந்தப் பக்கத்து அச்சு. துளைக்கும் முன் பட்டையைத் தாளின் மேல் வைத்து ஒருமுறை சரிபாருங்கள்.

துளைக்கும் இடத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது முக்கியம். கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றிவிடுங்கள். தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனம்தான், டிரில் சட்டென்று உள்ளே பாயும். பிட்டின் முனையில் சில மில்லிமீட்டரை மட்டும் விட்டு மீதியில் டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் அது தடுத்துவிடும். டேப் ஒட்டிய இடத்தில் மையக் குறி அடித்து, முதலில் 2 மில்லிமீட்டர், பிறகு கிளிப்பின் கழுத்துக்குத் தக்க அளவு. பிசிறை நீக்கி, மேலே ஓட்டைக் கேள்வியில் சொன்னபடி பிரைமர், சீலர். கதவுக்குள் விழுந்த இரும்புத் தூளைக் கண்டிப்பாக எடுத்துவிடுங்கள். விட்டால் அதுவே கதவின் அடியைத் துருப்பிடிக்க வைக்கும்.

ஓட்டையே போடாம டேப்லயே ஒட்டிடலாமே? இப்ப வர்ற காடியெல்லாம் அப்படித்தானே?

லேசான, நேரான, பிளாஸ்டிக் அல்லது மெல்லிய அலுமினியப் பட்டைக்கு ஒட்டலாம். ஓட்டை இல்லாமல் வந்த கதவுக்கு இது நல்ல வழியும்கூட. கனமான ஸ்டெயின்லெஸ்ஸுக்கும், வளைவுக்கு எதிராக விறைத்து நிற்கும் பட்டைக்கும் டேப் மட்டும் போதாது. இழுவிசை எப்போதும் முனைகளில்தான் வேலை செய்யும், அங்கேதான் பிளக்கும். முனைகளில் போல்ட், நடுவில் டேப் என்று வைத்தால் நிற்கும்.

நுரை வகை அக்ரிலிக் டேப் வாங்குங்கள், 3எம் போன்றவர்கள் செய்வது. ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் வெள்ளை நுரை டேப் நம் வெயிலில் உருகிவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு கலந்து இரண்டு பக்கமும் துடைக்கவேண்டும். மெழுகுப் பசை இருந்தால் எந்த டேப்பும் நிற்காது. ஒட்டும்போது தகட்டின் சூடு 21லிருந்து 38 பாகை வரை இருப்பது சிறந்தது. நம் ஊரில் குளிருக்குப் பயமில்லை, வெயிலில் நின்ற காடியின் தகடு தொட்டால் சுடும் என்பதுதான் சிக்கல். காலையில் நிழலில் ஒட்டுங்கள். நன்றாக அமுக்கிவிடுங்கள், இந்த டேப்புக்கு உயிரே அழுத்தம்தான். 20 நிமிடத்தில் பாதிப் பலம் வரும், ஒரு நாளில் ஏறக்குறைய 90 விழுக்காடு, முழுப் பலத்துக்கு மூன்று நாள். அந்த மூன்று நாளும் கழுவாதீர்கள்.

சிலிகான் போட்டு ஒட்டினா? ஹார்ட்வேர் கடையில சீப்பா இருக்கே.

வேண்டாம். புளிக்காடி வாசனை வரும் சாதாரண சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறும், அது இரும்பை அரிக்கும். இன்னொன்று, சிலிகான் பட்ட இடத்தில் பின்னாளில் பெயின்ட் பிடிக்காமல் மீன்கண் போல் சிறு வட்டக் குழிகள் விழும். ஸ்ப்ரே கடைக்காரர்கள் அதைக் கண்டால் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. சூப்பர் குளூவும் அப்படித்தான், வெயிலுக்கு நொறுங்கும், கழற்றும்போது பெயின்ட்டோடு வரும்.

கண்ணாடி ரப்பர்ல இருக்கிற க்ரோம் பட்டைய கண்ணாடி போட்டபிறகு செருகலாமா?

எந்தக் காடி என்பதைப் பொறுத்தது. பீட்டிலில் கண்ணாடியை ரப்பரில் போட்டு, பட்டையையும் ரப்பரில் செருகி, மூன்றையும் ஒன்றாகத்தான் காடியில் ஏற்றவேண்டும். ரப்பரின் உள்பள்ளத்தில் நைலான் கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியே ஒருவர் அமுக்க உள்ளே ஒருவர் கயிற்றை இழுத்தால் உதடு தகட்டின் மேல் ஏறும். மினி போன்ற காடிகளில் ரப்பரைப் பூட்டுகிற மெல்லிய பட்டை கடைசியில்தான் போகும், அதற்கென்று கண் வைத்த கருவி இருக்கிறது.

ரப்பர் பழசாகிக் கெட்டியாகியிருந்தால் புதிதாக மாற்றிவிடுங்கள். காய்ந்த ரப்பரில் அலுமினியப் பட்டையைத் திணித்தால் மூலையில் மடிந்துவிடும், மடிந்த மூலை பழையபடி வராது.

கூரை ஓரத்துப் பட்டைக்கும் இதே முறைதானா?

அது பெரும்பாலும் வாய்க்கால் விளிம்பைக் கவ்வி நிற்பது, கிளிப் கிடையாது. முன் முனையிலிருந்து வெளி உதட்டைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிப் போகவேண்டும். கழற்றும்போது மடங்குவது இதுதான் அதிகம். அவசியம் இல்லாவிட்டால் தொடாதீர்கள், மாஸ்கிங் டேப் ஒட்டிப் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம்.

மாட்டியாச்சு, ஆனா முன் கதவத் திறந்தா பட்டை மட்கார்டுல இடிக்குது.

கதவு திறக்கும்போது அதன் முன் விளிம்பு கொஞ்சம் உள்ளே போகிற காடிகளில் பட்டையின் முனையும் கூடவே போகும். மட்கார்டுப் பட்டையின் முனைக்கும் கதவுப் பட்டையின் முனைக்கும் நடுவே 3, 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கவேண்டும். பட்டையைப் பின்னுக்கு நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள், போல்ட் வகையில் இது எளிது. வெட்டுவது கடைசி வழி. இடமும் வலமும் மாறி மாட்டியிருந்தாலும் இப்படி இடிக்கும், ஆகவே கத்தரி எடுக்கும் முன் பின்பக்கம் எழுதி ஒட்டிய டேப்பைப் பாருங்கள்.

இனிமேல் மாட்டுகிறவர்கள், கடைசிக் கிளிப்பை அமுக்கும் முன் எல்லாக் கதவுகளையும் மெதுவாக ஒருமுறை திறந்து மூடுங்கள்.

சிம்பாங் தாண்டி ஹைவேல ஏறினா விசில் அடிக்கிற மாதிரி சத்தம். பட்டையா?

இருக்கலாம். பட்டைக்கு மேல் விளிம்பு முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் பட்டைதான். பிறகு டேப்பைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டே வந்தால் எந்த இடம் என்று தெரியும். பெரும்பாலும் ஒரு கிளிப் முழுக்க உட்காராமல் நடுவில் வில் மாதிரி தூக்கியிருக்கும். கரடுமுரடான தோட்டச் சாலையில் மட்டும் கடகடவென்று வரும் சத்தம் வேறு. அது பட்டைக்குள் கிளிப் ஆடுவது, கிளிப்பின் தலையில் சிறு துண்டு புட்டைல் வைத்தால் அடங்கும்.

எஸ்டேட் ரோட்லதான் தினமும் ஓட்டறேன். எப்படிப் பாத்துக்கறது?

பட்டையின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் சேரும் செம்மண்ணை வாரம் ஒருமுறை தண்ணீர்க் குழாயால் மேலிருந்து கீழாக ஓட்டிக் கழுவுங்கள். உயர் அழுத்தக் குழாயை ஓரத்துக்கு நேராகப் பிடிக்கவேண்டாம், சீலரைப் பிய்த்துவிடும், டேப் வகையானால் பட்டையையே தூக்கிவிடும். ரப்பர் பால் கட்டும் ஃபார்மிக் அமிலத்தைக் காடியில் ஏற்றிச் செல்பவர்கள் கலனைத் தனிப் பெட்டியில் வையுங்கள். சிந்திய கையோடு கதவைத் தொட்டாலே அலுமினியப் பட்டையில் வெள்ளைத் தடம் விழும். பட்டது தெரிந்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டேன். ரெண்டு பக்கமும் நிறம் மாறித் தெரியுதே?

அசல் ஸ்டெயின்லெஸ்ஸுக்குக் கொஞ்சம் சூடான, மஞ்சள் சாயல் படிந்த பளபளப்பு இருக்கும். புதிதாக வரும் சிலவற்றில் க்ரோம் போல நீலச் சாயல் தெரியும். தேய்த்து அதை மாற்ற முடியாது. ஒரே காடியின் ஒரு பக்கத்தை நின்ற இடத்திலிருந்து பார்ப்பவருக்கு மறுபக்கம் தெரியாது, ஆகவே பக்கத்துக்குப் பக்கம் வித்தியாசம் இருந்தால் விட்டுவிடலாம். ஒரே பக்கத்தில் மட்கார்டு ஒரு நிறமும் கதவு ஒரு நிறமுமாக இருப்பதுதான் உறுத்தும். அப்படியானால் இரண்டு பக்கத்திலும் உள்ள பழைய துண்டுகளில், இடமும் வலமும் ஒன்றுபோல் இருக்கிற நேர்த் துண்டுகளை ஒரே பக்கத்துக்கு மாற்றி, புதியவற்றை மறுபக்கத்துக்குச் சேர்த்துவிடுங்கள். முனை சாய்வாக வெட்டியிருக்கும் துண்டுகளில் இது நடக்காது, மாற்றும் முன் முனையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.